மலையடிவாரத்துத் தாய்க் கிணறு

கிணறு என்றதும் நமக்கு வாளியும் கயிறும்தான் நினைவுக்கு வரும். ஈரானில், ஷீர்கூ மலையை அடுத்த யஸ்து நகரத்தார் அப்படி இறைக்கவில்லை. வீட்டுப் படிக்கட்டில் இறங்கி, அடியில் ஓடும் நீரை மொண்டு வந்தார்கள்.

மலையடிவாரத்தில் 'தாய்க் கிணறு' தோண்டி ஊற்றைக் கண்டபின், அங்கிருந்து ஊர்வரை மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டுவார்கள். மண்ணை வெளியேற்றவும் காற்று புகவும் வழிநெடுகக் கிணறுகள். இதுவே கனாத். 11ஆம் நூற்றாண்டிலேயே அல் கராஜி என்னும் கணித அறிஞர் இதன் அளவை முறைகளை நூலாக எழுதினார்.

வெட்டுவதைவிடப் பேணுவதே பெரும்பாடு. வண்டல் சேரும்; கூரை சரியும். முகன்னி எனப்படும் தொழிலாளர் எண்ணெய் விளக்குடன் தவழ்ந்து சென்று தூர் வாருவர். இளகிய மண்ணுக்குச் சுட்ட களிமண் வளையம் பொருத்துவர். விளக்கு அணைந்தால் காற்று கெட்டுவிட்டதென்று பொருள். அவர்கள் அணிந்த வெள்ளுடையே சவத்துணியும் ஆகலாம் என்பார்கள். அத்தனை ஆபத்தான பிழைப்பு.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆழ்துளைக் கிணறுகளும் பம்புகளும் பெருகின. கனாத்தில் ஊறியது மட்டுமே வரும். பம்போ ஊறுவதற்கு மேலும் உறிஞ்சும். நீர்மட்டம் தாய்க் கிணற்றின் அடிக்கும் கீழே இறங்கிய இடங்களில், முகன்னியின் மண்வெட்டிக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

2016இல் யுனெஸ்கோ 11 கனாத்துகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. யஸ்தின் ஸார்ச் கனாத்தும் அவற்றில் ஒன்று.