விதை வந்த கதையும் கை வந்த கதையும்

காப்பிக்கு ஒரு மாளிகை! வானை நோக்கும் மணிக்கூண்டு, வழவழக்கும் பளிங்குத் தரை, வண்ணக் கண்ணாடிக் கூரை. கொலுமண்டபமோ என ஐயுறத்தக்க கோலம். பிரேசில் நாட்டுத் துறைமுக நகராம் சாண்டோசில் இருக்கிறது. அந்நாடு போர்ச்சுகல் பிடியிலிருந்து விடுபட்ட நூற்றாண்டு விழா நாளில், 1922 செப்டம்பர் 7-ல், காப்பிச் சந்தையாகத் திறக்கப்பட்டது. 1998 முதல் காப்பிக் காட்சியகமாக விளங்குகிறது. கப்பலேறிச் சென்று காணும் வசதி பள்ளி ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாது. ஆனால் என்ன? ஏடு இருக்கிறது, படம் இருக்கிறது. அவற்றின் துணைகொண்டு நாமும் நுழைவோம், தோழர்களே!

நடுக்கூடத்தைச் சுற்றி நாற்காலிகள். தரகர்கள் அமர்ந்து விலை கூறிய இடம். இங்கே விலைபோன சரக்கைத்தான், விலை விழுந்துவிடக் கூடாதே என்று, 1931 முதல் 1944 வரை அந்நாட்டு அரசு அழித்தது. அதில் பெரும்பகுதி தீக்கிரை. அழிந்தது ஏறக்குறைய 7 கோடியே 80 லட்சம் மூட்டை!

அண்ணாந்து பார்ப்போம். பெனடிட்டோ கலிஸ்டோ எனும் ஓவியர் தீட்டிய வண்ணக் கண்ணாடியில் நடுநாயகமாக நிற்பவன் யார்? அன்யங்குவேரா. காட்டுக்குள் புகுந்து பொன் தேடிய, பழங்குடி மக்களை வேட்டையாடி அடிமைகளாக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவன். கிண்ணத்திலே சாராயத்தை ஊற்றித் தீ வைத்து, "பொன் கிடைக்குமிடம் காட்டாவிடில் உங்கள் ஆறுகளையும் இப்படியே எரிப்பேன்" என்று அந்த மக்களை மிரட்டினானாம். அவர்கள் அஞ்சி நடுங்கி, அவனுக்குச் சூட்டிய பெயர்தான் அன்யங்குவேரா. 'பழம்பேய்' என்று பொருள். சாராயம் எரியும் என்பதை அறிந்தவன் அறியாதவனை அடக்கிய கதை! கையிலே கற்பூரம் கொளுத்திக் காட்டிக் காசு பறிப்போரைக் கண்ட நமக்கு இது புதிதல்லவே.

காப்பி அந்நாட்டுக்கு வந்ததற்கும் ஒரு கதை உண்டு, காதல் ரசம் சொட்டச் சொட்ட. 1727-ல் பல்ஹேட்டா என்ற அதிகாரி, எல்லைத் தகராறு பேசப் பிரெஞ்சு கயானா சென்றார். காப்பி விதையை வெளியே விடுவது அங்கே குற்றம். ஆளுநரின் மனைவியோ, மலர்ச்செண்டுக்குள் மறைத்து அவருக்கு வழங்கினாளாம்! நம் பக்கத்திலும் ஒரு கதை: பாபா புதன் எனும் முஸ்லிம் பெரியார், அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, சிக்கமகளூர் மலையிலே ஊன்றினார் என்பர். உண்மை எவ்வளவோ, கற்பனை எவ்வளவோ! விதை வந்த வழிக்கு மலர்ச்செண்டும் மகானும் கிடைத்துவிட்டனர்.

விதையை ஊன்றிய, களை பறித்த, பழம் கொய்த கைகள் வந்த வழி எது? ரியோ நகரத்து வலோங்கோ துறைக்குச் செல்வோம். அங்கே 1811-ல் கல் பாவிய படித்துறை கட்டினர். அத்துறை வழியே வந்திறங்கிய ஆப்பிரிக்க மக்கள் சுமார் 9 லட்சம் பேர் என்று மதிப்பிடுகின்றனர். 1831-ல் அடிமை இறக்குமதிக்குத் தடைச் சட்டம் பிறந்தது. யாருக்காக? 'ஆங்கிலேயர் பார்ப்பதற்காக' என்று அந்நாட்டு மக்களே எள்ளி நகையாடினர்! சட்டம் ஏட்டிலே, சங்கிலி காலிலே. பரைபா ஆற்றுப் பள்ளத்தாக்கிலே காப்பித் தோட்டம் பரவப் பரவ, ஆள் வேட்டையும் பரவிற்று. 1850-ல் மற்றொரு சட்டம் வந்த பிறகே கப்பல்கள் நின்றன. ஆனால் ஏற்கனவே வந்தவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் விடுதலை இல்லை.

அதே காலத்தில்தான் இலங்கைக் காப்பித் தோட்டங்களை நோக்கி நம்மவர் நடந்தனர். அடிமை என்ற பெயர் அவர்களுக்கில்லை. கங்காணியிடம் கடன் மட்டும் இருந்தது. காட்டு வழியிலே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் எத்தனையோ பேர்.

1888 மே 13-ல் பிரேசில் இளவரசி இசபெல் கையெழுத்திட்டார், அடிமைமுறை ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களிலே கடைசியாக. அரசியின் கருணையே கருணை என்று பாடினர் பலர். கையெழுத்துக்கு முன்பே கால்கள் நடந்துவிட்டன என்பதை அறிவோர் சிலரே. உள்நாட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து அடிமைகள் கூட்டங்கூட்டமாக வெளியேறி, செங்குத்தான கடலோர மலைத்தொடரைக் கடந்து இறங்கினர். எங்கே? இந்தச் சாண்டோசுக்கே! காப்பி மூட்டையை இறக்க 1867-ல் ஆங்கிலேயர் இரயில் போட்டார்களே, அதே மலைச்சரிவு. நகரின் ஓரத்திலே, ஜபக்குவாரா எனுமிடத்தில், தப்பி வந்தோர் குடிசைகள் எழுந்தன. தலைமை தாங்கியவர் கின்டினோ டி லசெர்டா. அவரும் அடிமையாய் இருந்தவர்தான்.

1895-ல் சாண்டோஸ் நகரசபைக்கு கின்டினோ தேர்ந்தெடுக்கப்பட்டார்; அந்தச் சபையில் அமர்ந்த முதல் கறுப்பர். அவரை உட்கார விட மனமில்லாதோர் அன்றும் கூச்சலிட்டனர். காப்பி மாளிகைக்கு அப்போது கால்கோள்கூட நடக்கவில்லை.