கைத்தொழில் வேறு, குலத்தொழில் வேறு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் ஆண்டுதோறும் ஓர் அறிவுரை எழுகிறது: எல்லோரும் பட்டம் படித்து என்ன ஆகப்போகிறது, கைத்தொழில் கற்றால் பிழைத்துக்கொள்ளலாம். அறிவுரையில் பிழையில்லை. பட்டம் பெற்றும் வேலையின்றி இருப்போர் நம் காலனிகளிலும் உண்டு. ஆனால் இதைச் சொல்வோரில் பலர் தம் பிள்ளைகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்கத் தவறுவதில்லை.

இந்த ஐயத்துக்கு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு எதிர்த்தது தமிழகம்; 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. செருப்புத் தைத்தல், சலவை, முடிதிருத்தம் ஆகியவையும் அவற்றுள் அடக்கம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதைப் 18இலிருந்து 35ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. பதினெட்டு வயது என்பது கல்லூரிக்குள் நுழையும் வயது என்பதே இந்தக் கோரிக்கையின் சாரம்.

தொழிற்பயிற்சியை இதற்கு நேர்மாறாகப் பயன்படுத்தும் சட்டமும் நம்மிடம் உள்ளது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அத்தொழிலிலிருந்து மீட்கப்பட்டவருக்கோ அவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கோ, தகுதிக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப, வேறொரு தொழிலில் பயிற்சி தரச் சொல்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் உண்டு. விருப்பம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பிறப்பு ஒதுக்கிய வேலைக்கும் தேர்ந்தெடுத்த தொழிலுக்கும் உள்ள இடைவெளி அந்தச் சொல்லில் இருக்கிறது.

அம்பேத்கர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில், அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அதே மனுவில் அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் பட்டியல் சாதி இளைஞர்களுக்குப் பயிற்சி இடங்களையும் கேட்டார். ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுப்பதற்கு அங்கே இடமில்லை.

ஆகவே அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர நினைக்கும் மாணவர், அங்கிருந்து மேலே போகும் வழிகளை முதலில் அறிய வேண்டும். தமிழக அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணமில்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் நடைமுறையில் உள்ளது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகள் ஈராண்டு, வெல்டர் ஓராண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். மொழித்தாள்களை எழுதித் தேர்ந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியும் பெறலாம். கல்லூரிக் கதவு மூடிவிடவில்லை என்பதை அறிவுரை சொல்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

சிக்கல் பணிமனைக்குள் நுழைந்தபின் தொடங்குகிறது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973இல் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு, பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு வழங்குகிறது. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவோ பழகுநர் தொழிலாளர் அல்லர் என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய பொதுக் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. எந்திரத்தைத் தொடவிடாமல் கூட்டிப் பெருக்கவும் தேநீர் வாங்கவும் மட்டும் ஒரு பழகுநரை வைத்திருந்தால் அது பயிற்சியாகாது. அதைக் காட்டச் சான்று வேண்டும். பழகுநர் ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்திருப்பதும், அன்றாடம் செய்த வேலையைத் தேதியிட்டு எழுதிவைப்பதும், ஒப்பந்தத்தில் எழுதிய தொழிலை உண்மையில் கற்பிக்கிறார்களா என்பதை முதல் மாதத்திலேயே பயிற்சி நிலைய முதல்வரிடம் எழுத்தில் தெரிவிப்பதும் அதற்குத்தான்.