ஒறுத்தலின் அளவும் விடுத்தலின் நெறியும்: பெங்களூரு வழக்குகளை முன்வைத்து

முன்னுரை

குற்றத்திற்கு ஏற்ற தண்டனை எது என்னும் வினா அறநூல்களுக்கும் சட்டநூல்களுக்கும் பொதுவானது. பெண்களுக்கு எதிரான கொடிய பாலியல் குற்றங்களில் இவ்வினா இரு கூறாகப் பிரிகிறது. குற்றவாளியை எவ்வளவு ஒறுப்பது என்பது ஒன்று. ஒறுக்கப்பட்டவனை எப்போது, யார் விடுவிப்பது என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பேசிய அளவிற்குப் பின்னதைப் பற்றி நாம் பேசியதில்லை. பெங்களூரு நீதிமன்றங்களில் தொடங்கிய மூன்று வழக்குகள் இவ்விரு கூறுகளிலும் இந்தியச் சட்டம் நடந்துவந்த வழியைக் காட்டுகின்றன. அவற்றையும் தொடர்புடைய பிற வழக்குகளையும் ஆராய்ந்து, அளவு கடந்த ஒறுப்பும் நெறி தவறிய விடுதலையும் ஒரே வழுவின் இரு முகங்கள் என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

தமிழ் மரபில் ஒறுப்பும் விடுப்பும்

திருக்குறளின் வெருவந்த செய்யாமை அதிகாரம், தண்டனைக்கு மூன்று நிபந்தனைகளை முதற்குறளிலேயே வகுத்துவிடுகிறது. குற்றத்தைத் தகுதியுற ஆராய்தல், அது மீண்டும் நிகழாமையை நோக்கமாகக் கொள்ளல், குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுத்தல் என்பன அவை. செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளோ கொடியவர்களைக் கொலையால் ஒறுப்பதைப் பயிர் காக்கக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், வள்ளுவர் கடுந்தண்டனையை மறுத்தவர் அல்லர், ஆராயாத, அளவில்லாத தண்டனையை மறுத்தவர் என்பது விளங்கும்.

பாலியல் குற்றத்திற்கான தண்டனையை நேரடியாகப் பேசும் காப்பியம் மணிமேகலை. சிறைசெய் காதையில், மருதி என்பாளிடம் முறைதவறி நடந்த இளைய மகனையும், விசாகையிடம் அவ்வாறே நடக்க முற்பட்ட மூத்த மகனையும் ககந்தன் தானே வாளால் வீழ்த்திய செய்தி கூறப்படுகிறது. மணிமேகலையை விடாது தொடர்ந்த உதயகுமரனை விஞ்சையன் காஞ்சனன் கொன்றதை அறிந்த சோழ மன்னன், தான் செய்ய வேண்டியதை அவன் செய்துவிட்டமையால் அவன் தகுதியற்றவன் என்கிறான். மகன் தண்டிக்கப்பட வேண்டியவன் என்பதில் மன்னனுக்கு ஐயமில்லை. தண்டிக்கும் உரிமை இல்லாதவன் தண்டித்ததே அவனுக்குக் குறையாகப்படுகிறது. தண்டனை தக்கதாயினும் உரியவர் வழியாக வரவேண்டும் என்னும் இக்கருத்து இக்கால விவாதத்திற்கும் பொருந்துவதாகும்.

விடுதலைக்கும் இத்தகைய நெறி உண்டு. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில், குற்றமற்ற வார்த்திகன் சிறைப்பட்டதால் ஐயை கோயிற்கதவம் திறவாது போகிறது. பாண்டியன் உண்மையை அறிந்து அவனை விடுவித்த பின்னரே அது திறக்கிறது. அவ்விடுதலை அரசன் விருப்பப்படி வழங்கிய கொடை அன்று. ஆராய்ந்து கண்ட தவற்றின் திருத்தம்.

ஆயுள் தண்டனை என்னும் சொல்லின் பொருள்

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகள் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. அது குற்றவாளியின் வாழ்நாள் முழுமையையும் குறிக்கும் என்று கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்சநீதிமன்றம் 1961இலேயே தெளிவுபடுத்தியது. ஆயினும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆம் பிரிவு, தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. 1978இல் சேர்க்கப்பட்ட 433அ பிரிவு, மரண தண்டனைக்கும் உரிய குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றோரை 14 ஆண்டுகளுக்கு முன் விடுவிக்கலாகாது என்று வரையறுத்தது. விடுதலைக்கான கீழெல்லையாக வகுக்கப்பட்ட 14 ஆண்டு, நாளடைவில் தண்டனையின் மேலெல்லையாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

இந்நிலையை எதிர்த்து எழுந்த குரல்களுள் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தின் குரல் குறிப்பிடத்தக்கது. ஆசிரமத்துப் பெண்கள் பதின்மூவரை வன்புணர்ந்தது, ஒருவரைக் கொலை செய்தது ஆகிய குற்றங்களுக்காகப் பிரேமானந்தாவுக்கு 1997இல் நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்றும், அரசுகள் அறிவிக்கும் தண்டனைக் குறைப்பு எதுவும் பொருந்தாது என்றும் ஆணையிட்டார். 2005இல் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. பிரேமானந்தா 2011இல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

2008: பெங்களூரு காட்டிய இடைவழி

பெங்களூருவில் 1991இல் மனைவியைக் கொன்று வீட்டு வளாகத்திலேயே புதைத்த சுவாமி சிரத்தானந்தாவின் வழக்கு பாலியல் குற்ற வழக்கு அன்று. ஆயினும் அதன் தீர்ப்பு அத்தகைய வழக்குகள் பலவற்றின் போக்கை மாற்றியது. அவருக்கு மரண தண்டனை வேண்டுமா என்பதில் 2007இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்டனர். 2008இல் மூவர் அமர்வு, 14 ஆண்டுக்கும் தூக்குக்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதைச் சுட்டி, அதனை நிரப்பும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு என்றது. சிரத்தானந்தா உயிருள்ளவரை விடுவிக்கப்படலாகாது என்பது தீர்ப்பு.

இராசீவ் காந்தி கொலை வழக்கின் தொடர்ச்சியான சிறீகரன் வழக்கில், 2015இல் அரசியல் சாசன அமர்வு மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் இக்கோட்பாட்டை ஏற்றது. ஆனால் அத்தகைய தண்டனையை உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமுமே விதிக்கலாம் என்று வரையறுத்தது. மனிதனுக்கு உயிர் ஒன்றே என்பதால் ஆயுள் தண்டனைகளை அடுத்தடுத்து அனுபவிக்கச் செய்ய இயலாது என்று தமிழகத்து முத்துராமலிங்கம் வழக்கில் 2016இல் மற்றோர் அரசியல் சாசன அமர்வு கூறியது. இவ்விரு தீர்ப்புகளின்படி, 1997ஆம் ஆண்டுப் புதுக்கோட்டை ஆணையின் இரு கூறுகளையும் இன்று ஒரு விசாரணை நீதிமன்றம் தன் விருப்பில் பிறப்பிக்க இயலாது.

அந்த வாயிலைப் பாலியல் குற்றங்களுக்கு மட்டும் சட்டமே திறந்துவைத்தது. 2012 தில்லிக் கொடுமையை அடுத்து அமைந்த நீதிபதி வர்மா குழு, வன்புணர்ச்சிக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. கடுமையான வகைகளுக்கு எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுதும் சிறை என்பதையே பரிந்துரைத்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை ஏற்றது. எனினும் சில வகைகளுக்கு மரண தண்டனையையும் சேர்த்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பிரஜ்வல் ரேவண்ணாவுக்குப் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் விதித்த வாழ்நாள் சிறை இச்சட்டத்தின் வழிப்பட்டதே. தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு உட்பட்டதாயினும், 1997இல் ஒரு நீதிபதி தம் துணிவால் செய்ததை 2025இல் ஒரு நீதிபதி சட்டத்தின் சொற்களால் செய்ய முடிந்தது என்பது வரலாற்று நோக்கில் முக்கியமானது.

2022: ஒறுப்பின் மிகை

1998இல் பெங்களூருவில் ஒரு பெண்ணை வன்புணர்ந்து கொன்ற வழக்கில் உமேஷ் ரெட்டிக்கு 2006இல் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2007இல் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட, 2009இல் மூன்றாம் நீதிபதி தண்டனையை உறுதிசெய்தார். 2011இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. 2013இல் குடியரசுத் தலைவர் கருணை மனுவை மறுத்தார். அனைத்து வாயில்களும் அடைபட்ட பின்னரும் 2022 நவம்பர் 4 அன்று உச்சநீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றியது.

குற்றம் சிறிது என்பதோ, குற்றவாளி திருந்தினான் என்பதோ அதற்குக் காரணம் அன்று. அவர் பெலகாவி சிறையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தனிமையில் அடைக்கப்பட்டிருந்தார். கருணை மனு முடிவாகும் வரை மரண தண்டனைக் கைதியைத் தனிமைச் சிறையில் வைக்கலாகாது என்று 1978ஆம் ஆண்டுச் சுனில் பத்ரா தீர்ப்பு கூறியிருந்தது. நீதிமன்றம் விதிக்காத ஒரு தண்டனையைச் சிறை நிருவாகம் தானே சேர்த்தமையால், நீதிமன்றம் விதித்த தண்டனையே நிலைகுலைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தண்டனைக் குறைப்பைக் கருதலாகாது என்பது புதிய ஆணை. காஞ்சனனைப் பற்றிச் சோழ மன்னன் கூறிய குறை இச்சிறை நிருவாகத்திற்கும் பொருந்தும்.

2024: விடுப்பின் மிகை

மறுமுனையில் நிற்பது பில்கிஸ் பானு வழக்கு. 2002 குசராத் கலவரத்தின்போது நிகழ்ந்த கூட்டு வன்புணர்ச்சி, கொலைகள் ஆகியவற்றுக்காக மும்பை நீதிமன்றத்தில் 2008இல் ஆயுள் தண்டனை பெற்ற பதினொருவரைக் குசராத் அரசு 2022 ஆகஸ்டு 15 அன்று விடுவித்தது. கருநாடகத்தைச் சேர்ந்த நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான அமர்வு 2024 சனவரி 8 அன்று அதனைச் செல்லாததாக்கியது. விசாரணை நடந்த மகாராட்டிர அரசுக்கே அவ்வதிகாரம் உண்டு என்பது முதன்மைக் காரணம். இங்கும் உரியவர் யார் என்பதே வினா.

இவ்வழக்கு மற்றொரு குறையையும் வெளிப்படுத்தியது. முன்விடுதலையின்போது கருத வேண்டியவை என உச்சநீதிமன்றம் 2000இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் ஐந்தைச் சுட்டியது. குற்றம் சமூகத்தைப் பாதிக்காத தனிச்செயலா, மீண்டும் நிகழ வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் ஆற்றல் அற்றுப்போயிற்றா, மேலும் சிறைவைப்பதால் பயனுண்டா, கைதியின் குடும்பச் சூழல் யாது என்பன அவை. கைதியின் குடும்பத்திற்கு இடமளித்த இப்பட்டியலில் துன்புற்ற பெண்ணுக்கு இடமில்லை. மருதியின் முறையீட்டில் தொடங்கிய நீதியைக் காப்பியமாக்கிய மரபினர்க்கு இவ்விடைவெளி எளிதில் புலப்படும்.

முடிவுரை

கடுமை கூடினால் நீதி கூடும் என்பதும், விடுதலை என்பதே குற்றத்திற்குத் துணைபோவது என்பதும் இவ்வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. உமேஷ் ரெட்டி வழக்கில் சட்டத்தை மீறியது கடுமை. பில்கிஸ் பானு வழக்கில் மீறியது கருணை. இரண்டிலும் தோற்றது ஆராய்ச்சி. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களும் அரசின் தண்டனைக் குறைப்பு அதிகாரத்தை விட்டுவைத்துள்ளன. விடுதலை நம்பிக்கையே இல்லாத சிறை, திருந்துவதற்குக் காரணமே இல்லாத சிறையாகிவிடும் என்பதால் அவ்வதிகாரம் இருப்பது தக்கதே. ஆனால் அது விழாக்காலக் கொடையாகாமல், ஒவ்வொரு கைதியையும் தனித்தனியே ஆராய்ந்து, காரணங்களை எழுத்தில் பதிந்து, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவர் கூற்றையும் கேட்ட பின்னரே செயற்பட வேண்டும். வள்ளுவர் ஒறுத்தலுக்கு விதித்த ஆராய்ச்சியை விடுத்தலுக்கும் விதிப்பதே இக்காலத்தின் தேவையாகும்.