இருப்புப்பாதையும் நீர்க்கனியும்

ஐப்பசி பிறந்ததும் லேக் மார்க்கெட் நடைபாதையிலும், புறநகர் இரயில் நிலையங்களின் வாயிலிலும், இரு கொம்புகள் முளைத்த கரும்பச்சைக் காய் ஒன்றைக் குவித்து வைத்து விற்பதை நம் காலனிக் குடும்பத்தினர் யாவரும் கண்டிருப்பர். கண்டவர் பலர்; வாங்கியவர் சிலர்; அதன் வரலாற்றை வினவியவரோ மிகச் சிலரே. வங்காளியர் அதனைப் ‘பானிபல்’ என்பர். நீர்க்கனி என்பது அதன் பொருள். வடநாட்டார் ‘சிங்காடா’ என்பர். மேனாட்டார் தம் மலைகளில் மரத்திற் காய்க்கும் செஸ்ட்நட் கொட்டையை எண்ணி, இதற்கு ‘வாட்டர் செஸ்ட்நட்’ எனப் பெயரிட்டனர். அம்மரத்திற்கும் இக்கொடிக்கும் உறவு ஏதும் இல்லை. டாங்ராவிலுள்ள சீன உணவகங்களில் அதே பெயரால் வரும் வெண்ணிறத் துண்டும் வேறு. அது ஒருவகைக் கோரையின் கிழங்கு.

இக்காய் ஏழைகளின் உணவாகவும் அரசர்களின் வருவாயாகவும் இருந்ததற்குக் காஷ்மீரம் சான்று பகரும். 1822-ஆம் ஆண்டளவில் அங்குச் சென்று தங்கிய வில்லியம் மூர்க்ராஃப்ட் என்னும் குதிரை மருத்துவர், வூலர் ஏரியைச் சார்ந்த மக்கள் பெருந்தொகையினர் ஆண்டிற் பல மாதங்கள் இக்கொட்டையையே உண்டு வாழ்ந்ததைக் குறித்து வைத்துள்ளார். அந்நாளைய சீக்கிய அரசு இதற்கும் வரி வாங்கத் தவறவில்லை. ஐரோப்பாவிலும் ஆதிமனிதர் இதனை உண்டனர். சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரைப் பழங்குடியிருப்புகளில் இதன் ஓடுகள் கிடைத்துள்ளன. 1870-களில் அமெரிக்காவிற்குச் சென்ற இதே கொடி அங்கே ஆறுகளை அடைக்கும் களையாகி, பெரும் பொருட்செலவில் பிடுங்கப்படுகின்றது. ஓரிடத்தில் சோறு, ஓரிடத்தில் களை!

வங்காளத்தில் இதன் கதை நம் இரயில்வேயோடு பிணைந்திருப்பதாலேயே, இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் இதனை எழுதத் துணிந்தோம்.

ஈஸ்ட் இந்தியன் இரயில்வேயின் முதல் வண்டி 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பாதை இராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வரை நீண்டது. வங்கச் சமவெளியோ மழைக்காலத்தில் நீரில் மூழ்கும் தாழ்நிலம். தண்டவாளத்தை உயர்த்த மண்கரை வேண்டும். அம்மண்ணைத் தொலைவிலிருந்து கொணர வழியில்லை. ஆகவே பாதையின் இருமருங்கும் தோண்டினர். தோண்டிய இடம் நெடும்பள்ளமாகி, நீர் தேங்கிற்று. இப்பள்ளங்களை வங்காளியர் ‘நயான்ஜுலி’ என அழைக்கின்றனர். பிற்காலத்தில் பெங்கால் நாகபுரி இரயில்வே 1900-இல் கரக்பூர் வழியாக ஹௌராவை எட்டியபோதும் இதுவே நிகழ்ந்தது.

முதலில் இக்கரைகள் கொடுத்தது காய்ச்சல். 1860-களிலும் 1870-களிலும் ஹூக்ளி, பர்த்வான் மாவட்டங்களில் ‘பர்த்வான் காய்ச்சல்’ ஊர் ஊராகப் பரவிற்று. விளக்கேற்ற ஆளில்லாத வீடுகள் பெருகின. 1864-இல் அரசு அமைத்த விசாரணைக் குழுவில் அங்கம் வகித்த திகம்பர் மித்ரர், சாலைக் கரைகளும் இருப்புப்பாதைக் கரைகளும் வடிகாலைத் தடுத்து நிற்பதே இதற்குக் காரணம் என வாதிட்டார். ஆட்சியாளர் அதனை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கொசுவின் வழியே மலேரியா பரவும் முறையை ரொனால்டு ராஸ் இதே கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு நிறுவியது 1898-இல்தான். வங்காளப் பொதுச்சுகாதார இயக்குநராயிருந்த டாக்டர் பென்ட்லி, 1925-இல் மலேரியாவையும் வேளாண்மையையும் பற்றி எழுதிய நூலில், கரைகளின் குற்றத்தை விரிவாக எடுத்துரைத்தார். மித்ரர் கூறி அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர்!

இத்தகைய பள்ளத்தில் பயிரிடலாம் எனக் கண்டவர்கள் நிலமற்ற எளிய குடும்பத்தினர். நெல்லுக்கு ஆகாத ஆழம், தூர்க்கவும் இயலாது. அங்கே நீர்க்கனி செழித்தது. ஹௌரா, ஹூக்ளி மாவட்டங்களின் வழியே மழைக்காலத்திற்குப் பின் பயணம் செய்யும் அன்பர்கள் சன்னலோரம் அமர்ந்து நோக்குவாராக. பாதையோரப் பள்ளங்களிற் சாய்சதுர இலைகள் பூக்கோலம் போட்டாற்போல் படர்ந்து கிடப்பதைக் காணலாம்.

இப்பயிரின் வேலை முழுவதும் குடும்ப வேலையே. நம் ஊர்களில் ஏரியின் மீன்பாசிக் குத்தகை எடுப்பது போல, இங்கே ஒரு குளத்தையோ பள்ளத்தையோ குத்தகைக்கு எடுப்பர். தை, மாசியில் முளைத்த கொட்டைகளைச் சிறு குட்டையில் நாற்றாக வளர்ப்பர். ஆனி, ஆடியில் மழைநீர் நிரம்பியதும் அக்கொடிகளைக் கொணர்ந்து, நீரில் இறங்கி, காற்பெருவிரலால் சேற்றில் அழுத்தி நடுவர். நம் நடவுக்குக் கை, இந்நடவுக்குக் கால்! இலைக்காம்பின் நடுவே காற்றடைத்த பஞ்சுபோன்ற பை இருப்பதால் இலைகள் மிதக்கும். வெண்மலர் நீரின்மேல் மலர்ந்து, பின் காம்பு வளைந்து, நீருக்குள்ளேயே காய் முற்றும். இலையைத் தின்னும் ஒருவகை வண்டுதான் பெரும்பகை. புரட்டாசி தொடங்கி மார்கழி வரை பலமுறை பறிப்பர்.

பறிப்பதற்கு ஏறும் ஓடம் யாது என்கின்றீர்? பனையின் அடிமரத்தைக் குடைந்து செய்த ‘டோங்கா’. நொண்டாட்டமாய் ஆடும் அதில் குந்தியிருந்து, ஒவ்வோர் இலைக்கொத்தாகத் தூக்கிக் காயைக் கொய்ய வேண்டும். அட்டையும் சேற்றுப்புண்ணும் உடன்வரும் கூலி. பெண்டிர் காய்களைத் தரம் பிரிப்பர், சிலவற்றை அவிப்பர். பச்சைக்காய் விரைவில் வாடுமாதலால் அன்றே சந்தைக்குச் சென்றாக வேண்டும். முற்றியதை உலர்த்தி ஓடு நீக்கி மாவாக்குவதும் உண்டு. அதே நீரில் சிங்கி, மாகுர் ஆகிய மீன்களையும் வளர்ப்பர் (மீன் உண்ணாத அன்பர்கள் பொறுத்தருள்க!). ஆகவே ஒரு பள்ளத்தில் இரு வருவாய்.

கோஜாகரி லட்சுமி பூசையின் பழத்தட்டில் இக்கனிக்கு இடமுண்டு. நவராத்திரியில் தானியம் விலக்கி நோன்பிருக்கும் வடநாட்டார் இதன் மாவில் ரொட்டி செய்வர். ஏகாதசிக்கு என்ன செய்வது என ஏங்கும் நம் இல்லத்தரசியர் புராபஜாரில் விசாரித்துப் பார்க்கலாம். ஆயின் ஓர் எச்சரிக்கை: பச்சைக்காயைப் பல்லாற் கடித்து உரித்தல் ஆகாது. நீர்ச்செடிகளில் ஒட்டியிருந்து குடலிற் புகும் தட்டைப்புழு ஒன்று உண்டு. நன்கு கழுவி, அவித்து, கத்தியால் உரித்துக் குழந்தைகட்குக் கொடுப்பதே நலம்.

இன்று இக்குடும்பங்களின் கவலை காய்ச்சலன்று, பள்ளம் மறைவதே. சாலை அகலமாகின்றது, கடைகளும் வீடுகளும் எழுகின்றன, இரவோடிரவாக மண் கொட்டப்படுகின்றது. 1984-ஆம் ஆண்டின் மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டத்திற்கு 1993-இல் செய்த திருத்தம், ஐந்து கட்டாவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலைகளைத் தூர்க்கக் கூடாதென விதிக்கின்றது. நகரின் கிழக்கேயுள்ள 12,500 ஹெக்டேர் ஈரநிலம் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் காப்பைப் பெற்றது. ஊர்ப்புறத்துப் பாதையோரப் பள்ளத்திற்கு அத்தகைய புகழ் இல்லை. ஆண்டுக் குத்தகைக்காரருக்கு வழக்காட வகையும் இல்லை; மண் விழுந்தால், அடுத்த ஊரில் வேறு பள்ளம் தேட வேண்டியதுதான்.

அங்ஙனம் தேடிச் செல்வோர் விதைநெல்லைப் போலக் கோணிப்பையில் கட்டி எடுத்துச் செல்ல முடியாது. உலர்ந்த கொட்டை முளைக்காது. மார்கழியிற் பறித்த முற்றிய காய்களைப் பானை நீரிலோ குட்டையிலோ அமிழ்த்தி வைத்து, தை மாத முளைக்காகக் காத்திருக்கின்றனர்.