மலையகத்தின் மேடைப் பாட்டு: மீனாட்சியம்மாளின் பணி

எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்குப் பாட்டே பத்திரிகை, பாட்டே வரலாறு. அயர்லாந்தின் தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனலி 1907இல் நியூயார்க்கில் புரட்சிப் பாடல்களின் தொகுப்பொன்றை வெளியிட்டது இவ்வுண்மையை உணர்ந்தேயாகும். சங்கம் அமைத்தவரே பாட்டும் எழுதினார். அத்தகைய ஒரு பணி நமது ஹட்டன் – டிக்கோயாப் பகுதியிலும் நிகழ்ந்தது. அதைச் செய்தவர் ஒரு பெண்மணி: கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள்.

அவர் பாடவந்த களத்தை முதலில் அறிதல் வேண்டும். கோப்பிப் பயிருக்காகக் காடழிக்கப்பட்ட டிக்கோயா மலைகளில், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்திய பின்னர் தேயிலை வேரூன்றியது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. தேயிலைக்குப் பாதை திறந்தது. அதைப் பறித்தவர்களுக்கோ தோட்டத்து எல்லையே உலகின் எல்லையாயிற்று. துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயத்திற்குள் நுழைய முடியாது. நடேசய்யரே தொடக்கத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்றில் நன்கு பதிந்த செய்தி.

மலையகத்தில் பாட்டு புதியதன்று. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து பறிக்கும் பாட்டும் மக்களுடனேயே கடல் கடந்து வந்தவை. அச்சேறிய பாட்டும் இருந்தது: 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. ஆனால் அது தோட்ட நிர்வாகத்தின் பக்கம் நின்று கோப்பிச் செய்கையைப் போதித்த நூல். உழைப்பவனுக்கு வேலை கற்பிக்க எழுந்தது அந்தக் கும்மி. உழைப்பவனுக்கு உரிமை கற்பிக்க எழுந்தது மீனாட்சியம்மாளின் பாட்டு. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே மலையக மக்கள் நடந்துவந்த தூரம்.

தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவுடன் இணைந்து தொழிலாளரிடையே பணியாற்றினார்; பின்னர் கருத்து வேறுபாட்டால் பிரிந்து மலைநாட்டை நாடினார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற் சங்கம் அதுவே. சங்கத்தின் கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாடினார். மக்கள் கூடினர், பாட்டைத் தொடர்ந்து பேச்சு நடந்தது. பாரதியின் பாடல்களையும் பாடினார். மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் தாமே பாடல்களும் புனைந்தார். ‘தேசபக்தன்’ பத்திரிகைப் பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

பேச்சைக் கேட்டவன் அதன் பொருளை மட்டுமே நினைவிற் கொள்வான். பாட்டைக் கேட்டவன் பாட்டையே கொண்டுசெல்வான். அத்துமீறல் சட்டம் சங்கத் தலைவரைத் தோட்ட எல்லையில் தடுக்கலாம். கூட்டம் முடிந்து திரும்புகிறவனின் நாவில் ஏறிச்செல்லும் மெட்டை எந்தக் காவற்காரனால் தடுக்க முடியும்? மீனாட்சியம்மாளின் கலையும் அரசியலும் ஒன்றுபட்ட இடம் இதுவே.

அவர் பெண் என்பதும் சிறிய செய்தியன்று. 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்துத் தேயிலைத் தொழிலைத் தாங்கியவள் பெண். குறைந்த கூலி பெற்றவளும் அவளே. ஒரு பெண் மேடையேறி ஆயிரவர் முன்னிலையில் குரலெழுப்பியதே அந்நாளில் ஒரு பாடமாக அமைந்தது.

1939இல் அரசாங்க வேலைகளிலிருந்து இந்தியத் தினக்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். அதே ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். இத்தகைய நெருக்கடியில்தான் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் மீனாட்சியம்மாளின் பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. இந்தியத் தொழிலாளரை அந்நியரென ஒதுக்கிய அரசியலுக்கு அது பாட்டால் அளித்த மறுமொழி.

இப்பாடல்களை இலக்கண நுட்பம் தேடும் கண்ணால் மட்டும் அளப்பது நீதியாகாது. அவசரத்தில், கூட்டத்திற்காக எழுதப்பட்டவை அவை. அவற்றின் முன்னறிவை வரலாறே மெய்ப்பித்தது. நடேசய்யர் 1947இல் மறைந்தார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. நாடற்றவர் என்ற பழியை நீக்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. உரிமை பறிபோகும் முன்பே எச்சரித்த குரல்களுள் ஒன்று மேடைப் பாட்டாக ஒலித்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தார். சாரல் நாடன் நடேசய்யரின் வரலாற்றை எழுதினார். ஆயினும் மீனாட்சியம்மாளின் பெயர் பெரும்பாலும் கணவரின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நிற்கிறது. இக்குறையைப் போக்கும் பணி நம்முடையது. மலையகப் பாடசாலை ஆசிரியர்கள் அவருடைய நூலைத் தேடி மாணவர் கையில் கொடுக்கட்டும். மாணவர்கள் லயங்களில் முதியோரிடம் சென்று பழைய கூட்டப் பாட்டுகளைக் கேட்டு எழுதட்டும். துரைமாரின் பெயர்கள் தோட்டப் பலகைகளில் நிலைத்திருக்கின்றன. தொழிலாளருக்காகப் பாடியவரின் பெயரை நிலைநிறுத்தத் தொழிலாளரின் பிள்ளைகளே முன்வர வேண்டும்.