இறகால் ஆன ஈ

குறுந்தொகையின் 242ஆம் பாடல், கானக்கோழிச் சேவலின் கழுத்தில் ஒளிரும் புள்ளிகளையும் அவற்றின்மேல் விழும் நீர்த்துளிகளையும் காட்டுகிறது. காமயகவுண்டன்பட்டிக்கு அருகே எழும் சுருளி மலைக்காடுகளின் சாம்பற் காட்டுக்கோழியைக் கண்டோர்க்கு இவ்வருணனை வெறுங் கற்பனையன்று. அச்சேவலின் கழுத்திறகுகளில் மெழுகு தோய்ந்தாற் போன்ற புள்ளிகள் உண்டு. புலவர் வியந்த அவ்விறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் தூண்டிற் பெட்டியை அடைந்தது. சால்மன், டிரவுட் மீன்களுக்கெனக் கட்டப்பட்ட பொய் ஈக்கள் சிலவற்றுக்கு அது கண்ணாயிற்று.

பொய் ஈக்களுள் நுட்பமானது உலர் ஈ. இதற்குக் காட்டுக்கோழி இறகு வேண்டா; வீட்டுச் சேவலின் விறைப்பான கழுத்திறகே போதும். தூண்டில் முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, சில இழைகளை வாலாகக் கட்டி, இறகை முள்ளின் தண்டைச் சுற்றி வளைத்தால், அதன் இழைகள் நாற்புறமும் சிலிர்த்து நிற்கும். அவ்விழை நுனிகளே ஈயை நீரின்மேல் தாங்குகின்றன.

இப்பொய் ஈயின் மெய்யுரு மேஃபிளை என்னும் பூச்சி. தமிழர்க்கு ஈசல் நினைவு வரலாம். ஆயின் ஈசல் மண்ணிலிருந்தும் இது நீரிலிருந்தும் எழுவன. நீரடியில் பல மாதங்கள் வளர்ந்த இளவுயிரி, மேலே வந்து தோலுரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு பெற்றபின் மீண்டும் ஒருமுறை தோலுரிப்பது பூச்சியினத்தில் இதற்கே உரிய இயல்பு. சிறகு பெற்றபின் அது உண்பதில்லை. கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிகிறது. இவை திரளாக எழும்போது டிரவுட் நீர்ப்பரப்பை நோக்கி எழும். அப்போது எந்நிலைப் பூச்சியை மீன் உண்கிறதென்று கண்டு, அதற்கேற்ற ஈயை மீனுக்கு மேற்புறத்தே இட்டு, நூல் இழுக்காமல் ஒழுக்கோடு மிதந்து வரச் செய்வதே வல்லவர் திறம். ஹால்ஃபோர்டு 1886இல் வெளியிட்ட நூல் இக்கலைக்கு இலக்கணமாயிற்று. இலக்கணம் வகுத்தோர்க்கே உரிய பிடிவாதமும் அவரிடம் இருந்தது. நீருள் மூழ்கும் ஈயும் தக்கதே என 1910இல் ஸ்கூஸ் எழுதியபின் பூசல் நெடுநாள் நீடித்தது.

அவ்விலக்கணம் பிறந்தது தென்இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஊற்றாறுகளில். அங்கே நீர் தெளிந்து சீராக ஓடும். பருவமழையில் பெருகிக் கலங்கும் நம் மலையோடைகளோ வேறு. எனினும் குடியேறிய ஆங்கிலேயர் தம் மீனையும் உடன் கொணர விழைந்தனர். சென்னைப் படையின் மருத்துவர் பிரான்சிஸ் டே 1863இல் நீலகிரிக்கு டிரவுட் முட்டைகளைக் கொணர முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல் என்பதை எண்ணினால் அத்தோல்வி வியப்பன்று. 1907 முதல் வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்து மீன் நிலைத்தது. நிலைத்ததும் இங்கிலாந்தின் பழுப்பு டிரவுட் அன்று. வட அமெரிக்காவின் வானவில் டிரவுட். போடிமெட்டுக்கு அப்பால் மூணாற்று மலைகளிலும் தோட்டத்துரைமார் டிரவுட்டை விட்டனர். அத்தோட்டங்களை உழைத்து உருவாக்கிய தமிழர்க்கு அத்தூண்டில் விளையாட்டில் பங்கிருந்ததில்லை.

மீன் மலையேற, காட்டுக்கோழியின் இறகு கடல் கடந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கும் காவலானது. இன்று மேனாட்டு ஈக் கட்டுநர், அங்கேயே கூண்டில் வளர்க்கப்பட்ட சேவல்களின் இறகை வாங்குகின்றனர்.