சிக்குன்குன்யா வைரஸ்: மரபணுவும் கொசுத் தகவமைப்பும்

ஏடிஸ் வகைக் கொசுக்கள் பரப்பும் ஆர்.என்.ஏ. வைரஸ். காய்ச்சல் தணிந்த பிறகும் மூட்டுவலியை மாதக்கணக்கில் விட்டுச்செல்லும். ஏறத்தாழ 11,800 எழுத்துகள் கொண்ட இதன் மரபணுத் தொகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியதில் புதிய கொசு ஒன்று இதற்கு வசப்பட்டது.

1779இல் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பரவிய மூட்டுக்காய்ச்சல் இதுவாக இருக்கலாம் என்பர் சிலர். டெங்கு என்போரும் உண்டு. ஐயத்துக்கு இடமில்லாத வரலாறு 1952–53இல், தாங்கனீக்காவின் (தான்சானியா) மக்கொண்டே பீடபூமியில் தொடங்குகிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் குரங்குகளையும் காட்டுக் கொசுக்களையும் சார்ந்து வாழ்ந்த வைரஸ், ஊர்களில் ஏடிஸ் எஜிப்தி கொசுவைப் பற்றிக்கொண்டது. 1963இல் கல்கத்தாவையும் 1964இல் சென்னையையும் தாக்கியது வைரசின் கிளைகளுள் ஒன்றான ஆசிய மரபுவகை. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிய பின், முப்பதாண்டுக்கு மேல் இந்தியாவில் பெரும் பரவல் இல்லை.

2004இல் கென்யக் கடலோரத்தில் கிளம்பிய கிழக்கு–மத்திய–தென்னாப்பிரிக்க மரபுவகை, கொமொரோஸ் வழியாக 2005இல் ரீயூனியன் தீவை அடைந்தது. தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் இந்தப் பிரெஞ்சுத் தீவில் எஜிப்தி கொசு அரிது. எங்கும் நிறைந்திருந்தது ஆசியப் புலிக்கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ். முதலில் நோய் மெல்லத்தான் பரவியது. 2006 தொடக்கத்திலோ ஒரே வாரத்தில் 40,000 பேருக்கு மேல் நோயுற்றனர். கடைசியில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரை, சுமார் 2,66,000 பேரை, நோய் தொட்டிருந்தது.

நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ் மாதிரிகளை மாதவாரியாக ஒப்பிட்டதில் மாற்றம் கண்முன் தெரிந்தது. உயிரணுவுக்குள் நுழைய உதவும் ஈ1 புரதத்தின் 226ஆம் இடத்தில், தொடக்க மாதிரிகளில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. 2005 செப்டம்பருக்குப் பிந்தையவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதன் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம். வைரஸ் கலந்த இரத்தத்தைக் கொசுக்களுக்கு ஊட்டிய டெக்சாஸ் ஆய்வாளர்கள் 2007இல் காரணத்தை விளக்கினர்: மாறிய வைரஸ் மிகக் குறைந்த அளவிலேயே புலிக்கொசுவைத் தொற்றியது, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியையும் விரைவில் எட்டியது. எஜிப்தியில் அதற்கு அப்படி ஓர் ஆதாயம் கிடைக்கவில்லை.

அதே மாற்றம் 2007இல் கேரளத்திலும் காணப்பட்டது. ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கும். ஒரு சிரட்டை நீர் போதும், புலிக்கொசு முட்டையிட்டுவிடும். வைரஸ் ரீயூனியனிலிருந்து வந்து இறங்கவில்லை, இந்தியாவில் தனியே மாறியது என்றே மரபுவழி ஆய்வுகள் சுட்டுகின்றன. 2009இல் ஈ2 புரதத்திலும் புலிக்கொசுவுக்கு ஏற்ற இன்னொரு மாற்றம் கேரளத்தில் பதிவானது.

புலிக்கொசுவின் தாயகமான ஆசியாவில் பல பத்தாண்டுகள் உலவியும் ஆசிய மரபுவகை ஏன் இப்படி மாறவில்லை? ஈ1 புரதத்தின் 98ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் 226ஆம் இட மாற்றத்தின் பலனைத் தடுத்துவிடுகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்துறையின் மிக அழகிய கண்டுபிடிப்புகளுள் இதுவும் ஒன்று.

ரீயூனியன் கொள்ளைநோய்க்கு 226ஆம் இட மாற்றம் மட்டுமே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்பு நோய் கண்டிராத தீவில் எதிர்ப்பாற்றல் இல்லாததும் பெருங்காரணம் என்பர். மேலும், அந்த மாற்றம் இல்லாமலும் புலிக்கொசு நோயைப் பரப்பியதுண்டு: 2007இல் இத்தாலியின் ரவென்னா பகுதியில் புலிக்கொசு பரப்பிய வைரசில் வேலின் இருந்தது. 2017இல் ரோம் வட்டாரத்தில் அதே கொசு பரப்பிய வைரசில் வேலின் இல்லை.

2013இல் கரீபியனில் நுழைந்து அமெரிக்கக் கண்டங்களில் பரவியது ஆசிய மரபுவகை. அங்கே முதன்மைக் கடத்தி எஜிப்தி. 2023இல் அமெரிக்கா முதல் தடுப்பூசிக்கு ஒப்புதல் அளித்தது. 2025இல் ரீயூனியனில் மீண்டும் பெரும் பரவல் ஏற்பட்டது. அந்த வைரசிலும் 226ஆம் இடத்தில் வேலினே இருந்தது.